வாசகர் கேள்வி – பதில்: தேடத் தெரிந்த மாணவருக்குச் சரிபார்க்கக் கற்றுத்தருவது எப்படி?

கல்லூரி மாணவர்களுக்குத் தகவல் எழுத்தறிவை, அதாவது தகவலைத் தேடி, மதிப்பிட்டு, பயன்படுத்தும் திறனைக் கற்பிப்பது குறித்து முந்தைய இதழில் வெளியான குறிப்பைத் தொடர்ந்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் தரப்படுகிறது. ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பதில் எழுதுபவர் கல்லூரி நூலகத்தில் நெடுநாள் பணியாற்றியவர்.

கேள்வி: கல்லூரி திறந்த முதல் வாரத்தில் புதிய மாணவர்களை நூலகத்துக்கு அழைத்துவந்து, நூல் அடுக்குகள், கணினிப் பட்டியல், தரவுத்தளங்கள் அனைத்தையும் ஒரு மணி நேரம் விளக்குகிறோம். சில மாதங்கள் கழித்துக் கட்டுரை எழுத வரும்போது, அப்படியொரு வகுப்பு நடந்ததே அவர்கள் நினைவில் இல்லை. குறை எங்களிடமா, மாணவர்களிடமா? – கல்லூரி நூலகர் ஒருவர்

பதில்: குறை கால அட்டவணையில் இருக்கிறது. முதல் வாரத்தில் மாணவரிடம் தேடுவதற்கென்று ஒரு கேள்வியும் இருப்பதில்லை. தாகம் எடுக்காதவரிடம் கிணறு எங்கே இருக்கிறது என்று சொன்னால் அவர் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். நானும் பல ஆண்டுகள் இதே ஒரு மணி நேரச் சுற்றுலாவை மிகுந்த உற்சாகத்துடன் நடத்தியவன் என்பதால், உங்களைக் குறைசொல்லும் தகுதி எனக்கு இல்லை.

தகவல் எழுத்தறிவுக்கு அமெரிக்க நூலகச் சங்கம் அமைத்த குழு ஒன்று 1989-இல் தந்த வரையறை இன்றும் பெரும்பாலோரால் எடுத்தாளப்படுகிறது: தகவல் தேவைப்படும் தருணத்தை உணர்தல், அதைக் கண்டறிதல், மதிப்பிடுதல், பயனுள்ள வகையில் பயன்படுத்துதல். இந்த நான்கில் முதலாவது, தேவையை உணர்தல் என்பதைக் கவனியுங்கள். நம் வகுப்புகளோ அதைத் தாண்டிக் குதித்து, ‘இந்தப் பொத்தானை அழுத்துங்கள்’ என்ற இரண்டாவது படியிலிருந்துதான் தொடங்குகின்றன. அதே ஒரு மணி நேரத்தை, கட்டுரைத் தலைப்பு அறிவிக்கப்பட்ட வாரத்துக்கு மாற்றுங்கள். பாட ஆசிரியரும் உடன் இருக்கட்டும். ஒவ்வொரு மாணவரும் தம் தலைப்பைத் தாளில் எழுதிக்கொண்டு வரட்டும். செலவில்லாத மாற்றம்தான், ஆனால் வகுப்பின் தன்மையே மாறிவிடும்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்யலாம் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. ஒரு மாணவியின் தலைப்பு, கைபேசியும் உறக்கமும். தேடுபொறியில் ‘கைபேசி பார்த்தால் தூக்கம் கெடுமா’ என்று தட்டச்சு செய்கிறார். கெடும் என்று சொல்லும் பக்கங்கள் வரிசையாக வந்து நிற்கின்றன. ‘கெடும்’ என்ற முடிவைத் தேடலுக்குள்ளேயே வைத்துவிட்டதால், அதை ஒத்துக்கொள்ளும் பக்கங்களே மேலே வருகின்றன என்பதை முதலில் அவரே காணும்படி செய்ய வேண்டும். பிறகு தலைப்பைத் துண்டுகளாக்கச் சொல்லுங்கள்: யாரைப் பற்றி, எதைப் பற்றி, எந்த விளைவைப் பற்றி. கல்லூரி மாணவர் என்பதற்கு அருகில் இளம் வயதினர். கைபேசி என்பதற்கு அருகில் ஸ்மார்ட்போன், திரை நேரம். உறக்கம் என்பதற்கு அருகில் தூக்கமின்மை, உறக்கத்தின் தரம். ஒரே பொருள் தரும் சொற்களை ‘ஆர்’ (OR, அல்லது) என்ற இணைப்பாலும், வெவ்வேறு துண்டுகளை ‘ஆண்ட்’ (AND, மற்றும்) என்ற இணைப்பாலும் கோக்க வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கணிதவியலர் ஜார்ஜ் பூலின் தருக்கம்தான் இது. தரவுத்தளங்கள் இன்றும் அதன்படியே இயங்குகின்றன. பொருத்தமான ஒரு கட்டுரை கிடைத்ததும், அதன் கீழே தரப்பட்டுள்ள பொருள் தலைப்புச் சொற்களைக் குறித்துக்கொண்டு, அந்தத் துறையினர் ஆளும் சொற்களாலேயே மீண்டும் தேடச் சொல்லுங்கள். வகுப்பு முடியும் வேளையில் அந்த மாணவியின் கேள்வியே மாறியிருக்கும்: படுக்கைக்குப் போகும் முன்பான ஒரு மணி நேரத் திரைப் பயன்பாட்டுக்கும், உறங்கத் தொடங்க ஆகும் நேரத்துக்கும் தொடர்பு உண்டா? இந்தக் கேள்விக்குத்தான் கட்டுரை எழுத முடியும். முதல் கேள்விக்குப் பட்டிமன்றம்தான் நடத்த முடியும்.

கேள்வி: தகவல் எழுத்தறிவு என்பது கணினி அறிவுக்கு இன்னொரு பெயர்தானே? – வாசகர் ஒருவர்

பதில்: இல்லை. இந்தச் சொற்றொடரை அமெரிக்கத் தகவல் தொழில் சங்கத்தின் தலைவர் பால் சுர்கோவ்ஸ்கி 1974-இல் பயன்படுத்தியபோது மேசைக் கணினியே பரவலாகியிருக்கவில்லை. கருவியைக் கையாளத் தெரிவது ஒன்று. அது கொண்டுவந்து கொட்டுவதில் எதை நம்புவது, எதை விடுவது என்று தீர்மானிக்கத் தெரிவது வேறொன்று. கைபேசியைக் கண்ணை மூடிக்கொண்டு இயக்கும் மாணவர் பலர், விளம்பரத்தையும் செய்தியையும் பிரித்தறியத் தடுமாறுவதை ஆசிரியர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள்.

கேள்வி: இணையப் பக்கத்தை மதிப்பிட மாணவர்களுக்கு ஒரு வினாப்பட்டியல் கொடுத்திருக்கிறோம்: ஆசிரியர் பெயர் உண்டா, தேதி உண்டா, எழுத்துப்பிழை உண்டா என்பது போல. எல்லாக் கட்டங்களிலும் ஒழுங்காகக் குறியிட்டுவிட்டு, மோசமான தளத்தையே சிறந்தது என்று எழுதிக் கொடுக்கிறார்கள். எங்கே தவறுகிறோம்? – சமூக அறிவியல் பேராசிரியர் ஒருவர்

பதில்: நீங்கள் குறிப்பிடும் பட்டியலின் மூதாதை, கலிபோர்னியாவின் சிக்கோ நகரிலுள்ள பல்கலைக்கழக நூலகத்தில் 2004-இல் உருவான ‘கிராப்’ சோதனை. புதுமை, பொருத்தம், ஆசிரியரின் தகுதி, துல்லியம், நோக்கம் என்னும் ஐந்தையும் பார்க்கச் சொல்வது அது. நல்ல நோக்கத்துடன் செய்யப்பட்டதுதான். ஆனால், ஒரு தளத்தைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் அந்தத் தளத்திடமே விடை கேட்பது, சந்தேகத்துக்குரிய ஆளிடமே நன்னடத்தைச் சான்றிதழ் வாங்குவதைப் போன்றது. அழகான வடிவமைப்பு, பிழையற்ற நடை, ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கம், நீண்ட மேற்கோள் பட்டியல் எல்லாவற்றையும் பணம் கொடுத்து வாங்க முடியும்.

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் செய்து 2017-இல் வெளியிட்ட ஆய்வை உங்கள் துறையினர் அனைவரும் படிக்க வேண்டும். வரலாற்றறிஞர் 10 பேர், தொழில்முறை உண்மைச் சரிபார்ப்பாளர் 10 பேர், அதே பல்கலைக்கழகத்தின் இளநிலை மாணவர் 25 பேர் ஆகியோரை இணையத்தில் உட்காரவைத்து, அவர்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று கவனித்தார்கள். குழந்தை மருத்துவர்களின் இரண்டு அமைப்புகள் தரப்பட்டன. ஒன்று, 1930 முதல் இயங்கும் மிகப் பெரிய தொழில்முறை அமைப்பு. மற்றொன்று, அதன் கொள்கையோடு முரண்பட்டு 2002-இல் பிரிந்த சிறு குழு. பெயர்கள் ஏறத்தாழ ஒன்றுபோல் இருக்கும். மாணவர்களில் பெரும்பாலோர் சிறு குழுவின் பக்கத்தையே கூடுதல் நம்பகமானதாகக் கருதினார்கள். வரலாற்றறிஞர்களிலும் சிலர் சறுக்கினார்கள். சரிபார்ப்பாளர்கள் அனைவரும் தப்பினார்கள். அவர்கள் அந்தப் பக்கத்தில் நின்று படிக்கவே இல்லை என்பதுதான் காரணம். சில நொடிகளில் வெளியேறி, உலாவியில் புதிய தாவல்களைத் திறந்து, இந்த அமைப்பைப் பற்றிப் பிறர் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். இதைப் பக்கவாட்டு வாசிப்பு என்கிறார்கள்.

நமக்கு இது கசப்பான செய்தி, ஏனெனில் ஊன்றிப் படி, முழுவதும் படி என்றுதான் நாம் வாழ்நாள் முழுவதும் சொல்லிவந்திருக்கிறோம். எதை ஊன்றிப் படிப்பது என்று முடிவு செய்வதற்கு முன்பு ஊன்றிப் படிக்கக் கூடாது என்பதையும் இனிச் சொல்லித்தர வேண்டும். இணையத் தகவலைச் சரிபார்க்கக் கற்பிக்கும் வல்லுநர் மைக் கால்ஃபீல்டு 2019-இல் தந்த நான்கு அசைவுகள் இதற்கு ஏற்றவை: நில், சொல்பவர் யார் என்று விசாரி, இதைவிட நல்ல மூலம் உண்டா என்று தேடு, கூற்றை அதன் பிறப்பிடம் வரை பின்தொடர். வகுப்பில் இதைப் பழக்கும்போது கடிகாரத்தை வைத்துக்கொள்ளுங்கள். அறிமுகமில்லாத ஒரு தளத்தைத் திரையில் காட்டி, ‘இந்தப் பக்கத்தில் எந்த இணைப்பையும் தொடாமல், மூன்று நிமிடத்தில் இதை நடத்துபவர் யார் என்று சொல்லுங்கள்’ என்று கேளுங்கள். பழைய வினாப்பட்டியலை ஒரு பருவத்துக்காவது மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டிவிடலாம்.

கேள்வி: ஒரு கட்டுரையில் மேற்கோளாகக் காட்டப்பட்ட இன்னொரு கட்டுரையை, மூலத்தைப் பார்க்காமலே என் ஆய்வேட்டில் மேற்கோளாகக் கொடுக்கலாமா? எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். – ஆய்வு மாணவி ஒருவர்

பதில்: எல்லோரும் அப்படிச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பசலைக்கீரையின் கதையைக் கேளுங்கள்.

பசலைக்கீரையில் இரும்புச் சத்து மிகுதி என்ற நம்பிக்கை ஒரு தசமப் புள்ளிப் பிழையால் வந்தது. பழைய ஆய்வொன்றில் புள்ளி இடம் மாறியதால் அளவு பத்து மடங்காகப் பதிவானது. பின்னர் அறிஞர்கள் அதைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். இந்தக் கதையை நீங்களும் எங்காவது படித்திருக்கலாம். கவனமின்மையின் விளைவுக்கு எடுத்துக்காட்டாக ஆய்வுக் கட்டுரைகளிலேயே இது திரும்பத் திரும்பச் சொல்லப்பட்டிருக்கிறது. இதைப் பரப்பியதில் பெரும் பங்கு, 1981-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மருத்துவர் டெரன்ஸ் ஹாம்ப்ளின் எழுதிய கட்டுரைக்கு உண்டு. அதில் அவர் இந்தக் கதைக்கு எந்த ஆதாரமும் காட்டவில்லை. குற்றவியல் ஆய்வாளர் மைக் சட்டன் 2010-இல் மூலத்தைத் தேடிப் புறப்பட்டார்; தசமப் புள்ளி இடம் மாறியதற்கான சான்று எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. நார்வே ஆய்வாளர் ஓலே பியோர்ன் ரெக்டால் 2014-இல் எழுதிய கட்டுரையில், இந்தக் கதை ஒரு மேற்கோளிலிருந்து இன்னொரு மேற்கோளுக்குத் தாவித் தாவி எப்படி உண்மையின் தோற்றத்தைப் பெற்றது என்று படிப்படியாகக் காட்டினார். வேடிக்கை என்னவென்றால், ‘மூலத்தைச் சரிபாருங்கள்’ என்று அறிவுரை சொல்வதற்காகவே இந்தக் கதையைப் பயன்படுத்தியவர்கள், அதன் மூலத்தைச் சரிபார்க்கவில்லை. இந்தச் சறுக்கல் எனக்கும் நேர்ந்தது. நூலக வகுப்பொன்றில் இதே தசமப் புள்ளிக் கதையைச் சொல்லிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறேன்.

ஆகவே, உங்கள் கேள்விக்கு விடை: மூலத்தைப் பெற முயலுங்கள். பெரும்பாலான ஆய்விதழ்க் கட்டுரைகளுக்கு டி.ஓ.ஐ. என்னும் நிலையான அடையாள எண் இருக்கிறது. அதைக் கொண்டு சில நொடிகளில் மூலப் பக்கத்தை அடையலாம். பணம் கட்டினால்தான் படிக்கலாம் என்னும் கட்டணச் சுவர் குறுக்கே நின்றால் நூலகரிடம் கேளுங்கள், அல்லது கட்டுரையாசிரியருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள்; தம் கட்டுரையைப் படிக்க ஒருவர் விரும்புகிறார் என்பதில் மகிழாத ஆய்வாளரை நான் கண்டதில்லை. எவ்வளவு முயன்றும் கிடைக்காவிட்டால், நீங்கள் படித்தது எந்தக் கட்டுரையை என்பதை ஒளிக்காமல், ‘இன்னார் எடுத்துக்காட்டியபடி இன்னார்’ என்று எழுதுங்கள். கிடைத்த மூலத்தை வெளியிட்ட இதழே பின்னர் செல்லாது என்று திரும்பப் பெற்றதா என்றும் பாருங்கள். தடுப்பூசியையும் ஆட்டிசத்தையும் இணைத்து 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான கட்டுரை வெறும் 12 குழந்தைகளைப் பற்றியது. இதழ் அதை 2010-இல்தான் திரும்பப் பெற்றது. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் அது செய்த தீங்கு இன்னும் ஓயவில்லை.

கேள்வி: துறைவல்லுநர் மதிப்பாய்வு செய்யப்படும் இதழில் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் அல்லவா? – முதுநிலை மாணவர் ஒருவர்

பதில்: கண்ணைத் திறந்துகொண்டே நம்புங்கள். அறிவியல் செய்தியாளர் ஜான் போஹனன் வேண்டுமென்றே பெரும் பிழைகளுடன் ஒரு போலி ஆய்வுக் கட்டுரையைத் தயாரித்து, சிறு மாற்றங்களோடு 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு, அதாவது யாரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதை ஏற்றுக்கொண்டன. சயின்ஸ் இதழில் 2013-இல் வந்த இந்தச் செய்தியைக் கொண்டு திறந்த அணுக்கத்தையே பழிப்பது சரியன்று. சந்தா கட்டிப் படிக்கும் இதழ்களை அவர் சோதிக்கவே இல்லை. ‘மதிப்பாய்வு செய்யப்படுகிறது’ என்று இதழே தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்வதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது என்ற அளவுக்கு மட்டும் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: விக்கிப்பீடியாவைத் தொடவே கூடாது என்கிறார் எங்கள் ஆசிரியர். அவரே வகுப்புக்கு முன் அதைப் பார்ப்பதை நாங்கள் பார்த்திருக்கிறோம். – இளநிலை மாணவர்கள் சிலர்

பதில்: உங்கள் ஆசிரியர் பார்ப்பதில் தவறில்லை, உங்களைத் தடுப்பதில்தான் தவறு. நுழைவதற்கு அது நல்ல வாசல். அங்கேயே குடியிருந்துவிடக் கூடாது, அவ்வளவுதான். பக்கத்தின் அடியில் உள்ள மேற்கோள்களுக்குச் செல்லுங்கள். ‘வரலாறு’, ‘உரையாடல்’ என்னும் தாவல்களைத் திறந்து, எந்த வரியைப் பற்றி யார் யாரோடு சண்டை போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். அச்சு நூல் எதுவும் தன் சண்டைகளை இப்படித் திறந்து காட்டுவதில்லை. ஆனால் ஓர் எச்சரிக்கை: அமெரிக்க மாணவர் ஒருவர் 2008-இல் கோவாட்டி என்னும் விலங்கைப் பற்றிய பக்கத்தில், அதற்கு ‘பிரேசில் ஆர்ட்வார்க்’ என்றும் பெயர் உண்டு என விளையாட்டாக எழுதிவைத்தார். அந்தப் பெயர் பின்னர் செய்தித்தாள்களிலும், பல்கலைக்கழகப் பதிப்பகம் ஒன்றின் நூலிலும்கூட இடம்பெற்றது; அவ்வாறு வெளிவந்தவையே விக்கிப்பீடியாவில் அந்த வரிக்குச் சான்றாகவும் சேர்ந்தன. மேற்கோளின் தேதி அந்த வரி முதலில் எழுதப்பட்ட தேதிக்குப் பிந்தியதாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

கேள்வி: தேடத் தொடங்கும்போது தெளிவாகத்தான் இருக்கிறேன். பத்துக் கட்டுரைகள் படித்ததும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றி, தலைப்பையே மாற்றிவிடலாம் என்று ஆகிவிடுகிறது. எனக்குத் திறமை போதவில்லையா? – மாணவி ஒருவர்

பதில்: நீங்கள் சரியான இடத்தில்தான் இருக்கிறீர்கள். தகவல் தேடும் மாணவர்களின் மனநிலையைப் பல ஆண்டுகள் ஆராய்ந்த கரோல் குல்தாவ், தேடலை ஆறு கட்டங்களாகப் பிரித்தார். தலைப்பைத் தேர்ந்தெடுத்ததும் வரும் நம்பிக்கை, அடுத்து வரும் துழாவல் கட்டத்தில் சரிந்து, குழப்பமும் ஐயமும் மேலோங்குவது இயல்பு என்பது அவருடைய கண்டறிதல். தம் பார்வை எது என்று மாணவர் உருவாக்கிக்கொள்ளும் நான்காம் கட்டத்தில்தான் தெளிவு திரும்புகிறது. இதை முன்கூட்டியே யாராவது உங்களுக்குச் சொல்லியிருக்க வேண்டும். தலைப்பை மாற்றாதீர்கள், முரண்படும் இரண்டு கட்டுரைகளை மட்டும் எடுத்து, எதில் முரண்படுகின்றன என்று அரைப் பக்கம் எழுதுங்கள். ஆராய்ந்த மக்கள் வேறா, அளந்த முறை வேறா, காலம் வேறா? அந்த அரைப் பக்கமே பெரும்பாலும் கட்டுரையின் முதுகெலும்பாகிவிடும்.

கேள்வி: மாணவர்கள் இப்போது தேடுவதே இல்லை, சாட்ஜிபிடியிடம் கேட்டு, மேற்கோள் பட்டியலுடன் கட்டுரையைக் கொண்டுவந்துவிடுகிறார்கள். தடை செய்துவிடலாமா? – துறைத் தலைவர் ஒருவர்

பதில்: தடை போடுவது எளிது, காவல் காப்பது கடினம். ஆகவே அந்த மேற்கோள் பட்டியலையே பாடமாக்குங்கள். இத்தகைய கருவி அடுத்து வரத்தக்க சொல்லைக் கணித்து எழுதுகிறது. ஆகவே நம்பத்தகுந்த தோற்றமுள்ள, ஆனால் உலகில் இல்லாத கட்டுரைத் தலைப்பையும் அதே சரளத்துடன் எழுதிவிடும். நியூயார்க் நீதிமன்றம் ஒன்றில் விமான நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், வழக்கறிஞர்கள் இப்படிக் கிடைத்த, நடக்கவே இல்லாத வழக்குகளைத் தம் மனுவில் முன்தீர்ப்புகளாகக் காட்டினார்கள். 2023 ஜூனில் நீதிபதி 5,000 டாலர் தண்டம் விதித்தார். அந்த வழக்கில் கற்பிக்க வேண்டிய பகுதி தண்டம் அன்று. வழக்குகள் உண்மையானவைதானா என்று வழக்கறிஞர் அதே கருவியிடமே கேட்டார், ஆம் என்று அது சொன்னது, அவர் அமைதியடைந்தார். மேலே சொன்ன வினாப்பட்டியலின் தவறேதான் இது, வேறு உடையில்.

வகுப்பில், கருவி தந்த பத்து மேற்கோள்களை மாணவர்களுக்குப் பகிர்ந்தளித்து, ஒவ்வொன்றும் இருக்கிறதா, இருந்தால் கருவி சொன்னதைத்தான் அது சொல்கிறதா என்று நூலகத் தரவுத்தளத்தில் பார்த்துவரச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்வி முக்கியம். புதிய கருவிகள் இணையத்தைத் தேடி உண்மையான கட்டுரைகளையே காட்டினாலும், அவற்றில் இல்லாத முடிவை அவற்றின் தலையில் கட்டுவதுண்டு.

கேள்வி: இதையெல்லாம் கற்பித்தாலும் மதிப்பெண் போடுவது எப்படி? தேர்வில் கேள்வியாகக் கேட்டால் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். – விரிவுரையாளர் ஒருவர்

பதில்: தேர்வு வேண்டாம், தேடல் குறிப்பேடு கேளுங்கள். என்ன சொல்லால் தேடினார், எத்தனை முடிவுகள் வந்தன, ஏன் சொல்லை மாற்றினார், எதை ஒதுக்கினார், ஏன் ஒதுக்கினார் என்பவை தேதியுடன் இரண்டு பக்கங்களுக்குள் இருந்தால் போதும். அமெரிக்கக் கல்லூரி நூலகச் சங்கம் 2000-இல் வெளியிட்ட தரநிலைகளை 2016-இல் விலக்கிக்கொண்டு, அவற்றின் இடத்தில் ஆறு அடிப்படைக் கருத்துகளைக் கொண்ட சட்டகத்தை வைத்தது. திறன்களைக் கட்டம் கட்டி எண்ணும் முறையிலிருந்து அந்தச் சங்கமே நகர்ந்துவிட்டபோது, நாம் மட்டும் ஒற்றைச் சொல் விடை கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை. ஒதுக்கிய மூலங்களுக்கான காரணத்துக்கே கூடுதல் மதிப்பெண் கொடுங்கள். ஏற்றுக்கொண்டவற்றின் காரணத்தை எவரும் பின்னால் இட்டுக்கட்டிவிட முடியும். முதல் முறை வரும் குறிப்பேடுகளில் பாதி, கட்டுரையை முடித்த பிறகு ஒரே இரவில் எழுதப்பட்டவையாக இருக்கும். அதைத் தவிர்க்க, கட்டுரைக்கு இரண்டு வாரம் முன்பே முதல் பக்கத்தை வாங்கிப் பார்த்து, ஒரு வரியாவது எழுதித் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.